கட்டிப்பிடிக்கிறவருக்கு எந்தத் துப்பாக்கி?

ஆர்வில் டெட்மன் பல வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வாசலில் நின்று, வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து உள்ளே அனுப்புவது அவர் வேலையாகிவிட்டது. கை குலுக்கிவிட்டு விடுகிற சபைகளும் உண்டு. கிழக்கு டெக்சாஸில் எங்கள் பக்கம் அதெல்லாம் வங்கி மேலாளருக்குத்தான். மனைவி பெர்னிஸ் இறந்த பிறகு, அந்த வாசலில் நிற்கிற நேரம் தவிர வாரம் முழுவதும் அவரைத் தொட ஆளில்லை. என் கடைக்கு மண்புழு வாங்க வந்த ஒரு நாள் அவரே என்னிடம் இதைச் சொன்னார், மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரி.

என் கடையில் தூண்டில், மண்புழு, துப்பாக்கி மூன்றும் கிடைக்கும். கடைக்காரி நான், ஊரில் எல்லோருக்கும் ரோடா. எது வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் விலையைக் குறைக்கச் சொன்னால் எனக்குக் காது கேட்காது.

அந்த வசந்தத்தில், பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் பாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. மர ஆலை மேலாளர் ட்ரூயட்டைத் தலைவராகப் போட்டு ஒரு காவல் குழு அமைத்தார். வருகிறவனை முதலில் பார்ப்பது ஆர்வில்தான், அதனால் அவர் இடுப்பில் ஒன்று இருக்க வேண்டும், அது வெளியே தெரியவும் கூடாது என்று முடிவாயிற்று.

ட்ரூயட்தான் அவரைக் கடைக்கு அழைத்து வந்தார். எங்கள் ஊர் ஆண்கள் குண்டின் பருமனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கல்யாணப் பெண்ணே காத்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து காலிபருக்குக் கீழே எதை எடுத்தாலும் அது கொசு அடிக்கத்தான் உதவும் என்றார் ட்ரூயட். எந்தக் குண்டாக இருந்தாலும் பட்டால்தானே பலன், கைக்கு அடங்குகிறதை எடுங்கள் என்றேன் நான். ஆர்வில் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. துப்பாக்கியை உறையோடு பெல்ட்டில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

“ரோடா, இப்படி வந்து என்னைக் கொஞ்சம் கட்டிப்பிடி.”

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எத்தனை குண்டு பிடிக்கும், சுட்டால் எவ்வளவு உதைக்கும் என்று கேட்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. போய்க் கட்டிப்பிடித்தேன். செங்கல்லைச் செருகியிருக்கிற மாதிரி இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனால் ட்ரூயட் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதனால் அந்த நாற்பத்தைந்தையே வாங்கிப் போனார்.

அன்றிலிருந்து மனுஷன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. உள்ளே செருகி இஸ்திரி மடிப்போடு இருந்த சட்டை வெளியே தொங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கை இடுப்புக்குப் போய் வந்தது. வருகிறவர்களை இடது பக்கமாகவே சாய்ந்து பிடித்தார். குழந்தைகள் ஓடி வந்தால் குனிந்து தோளைத் தட்டியதோடு சரி.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு வந்தவர் உட்காரவே இல்லை. மாவிஸைப் பற்றிச் சொன்னார். துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிற மாவிஸும் துணையை இழந்தவள்தான். அவள் வருகிற ஞாயிற்றில் ஆர்வில் இரண்டு முறை தலை வாரிக்கொள்வது சபைக்கே தெரியும்.

“நேத்து ரொம்ப நேரம் விடவே இல்ல ரோடா. கைய என் இடுப்புல வச்சா. வலது பக்கம்.”

“நல்ல விஷயம்தானே? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“துப்பாக்கி இருக்கிற பக்கம். தெரிஞ்சுதுன்னா பயந்துடுவா. அப்புறம் கிட்டக்கூட வரமாட்டா.”

அந்தப் பயம் அவரை விடவில்லை. நாற்பத்தைந்தை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஒல்லியான ஒன்பது எம்.எம். துப்பாக்கி வாங்கினார். அதற்கும் ஒரு முறை கட்டிப்பிடித்துப் பார்த்தோம். மாவிஸின் கை மறுபடி அங்கேயே போனதாம், அப்படியே தங்கியதாம். ஆர்விலுக்கு சந்தோஷம் ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம். சில வாரம் கழித்து அதைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பேன்ட் பாக்கெட்டில் மறைகிற அளவில் ஒரு குட்டித் துப்பாக்கி கேட்டார். சின்னது என்றால் சுலபம் என்று நினைப்பது தப்பு, பிடி இல்லாததால் கையில் துள்ளும், உங்கள் கைக்கு அது ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“நான் என்ன சுடறதுக்கா வாங்குறேன்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னே எதற்கு என்று கேட்டேன். பணத்தை எண்ணி வைத்துவிட்டு வாங்கிப் போனார்.

அந்த ஞாயிறு மாவிஸின் கை வழக்கம்போல இடுப்புக்குப் போயிற்று. ஒரு கணம் நின்றது. உடனே விலகி உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஆர்வில் என் கடையில் தூண்டில்களுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நடந்தார். பாக்கெட்டில் இருந்தது அவள் மேல் இடித்திருக்கும், இந்தச் சனியன் என் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்றார். வருகிற ஞாயிறு எதையும் எடுத்துவரப் போவதில்லை, ட்ரூயட்டிடம் மூச்சு விடாதே என்றார். துப்பாக்கி விற்றுப் பிழைக்கிறவள் நான், இருந்தும் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த ஞாயிறு சட்டையை உள்ளே செருகி, நிமிர்ந்து நின்றார். இரண்டு கையாலும் எல்லோரையும் இழுத்து அணைத்தார். காபி மேஜைப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவிஸ் வந்தாள். அவள் கை வலது இடுப்புக்குப் போயிற்று, முதுகுக்குப் போயிற்று, இடது பக்கமும் தடவிப் பார்த்தது. பிறகு அவள் பின்வாங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க அது?”

“எது?” என்றார் ஆர்வில்.

“விளையாடாதீங்க. முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த ஜெபக்கூட்ட விஷயத்துக்கு அப்புறம் கதவு தொறந்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது ஆர்வில். அது இருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டுத்தான் நான் போய் உக்காருவேன். போன வாரமே காணோம். பிரசங்கத்துல ஒரு வார்த்தை காதுல ஏறல.”

“அதுக்காகவா நீங்க…” என்று ஆரம்பித்தார்.

“பின்ன? போய் எடுத்துட்டு வாங்க. வர்றவங்கள நான் பார்த்துக்கிறேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். பின்னாலேயே ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. காபிக் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வீடு வரை போய்விட்டு, பிரசங்கம் பாதியைத் தாண்டிய பிறகு திரும்பி வந்தார். சட்டை வெளியே தொங்கியது, வலது பக்கம் அந்த நாற்பத்தைந்து புடைத்திருந்தது. மாவிஸ் தன் இடத்திலிருந்து திரும்பி அந்தப் புடைப்பைப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆர்வில் வாசலில் போய் நின்றார். எல்லோரும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தார்கள்.