வாத்துத்திடலுக்கு அனுமதி

"அந்தக் கட்டையப் புடுங்குங்க. அது நடைபாதை மேல நிக்குது."

வேலி போடுகிறவன் சம்மட்டியைக் கீழே இறக்கினான். ஒரு கையில் நாய்க்கயிறும் மறு கையில் மடித்த வரைபடமுமாக ஈனிட் பர்கிஸ் வாத்துத்திடலின் ஈரப் புல்லில் நின்றிருந்தாள்.

"யாரு சொன்னா?"

"வரைபடம் சொல்லுது. இந்தப் புள்ளிக்கோட்டப் பாருங்க."

"நீங்க யாரும்மா, போலீசா?"

"பாரிஷ் கவுன்சிலர்."

"அப்படின்னா?"

"பெரிசா அதிகாரம் ஒண்ணும் கிடையாது. ஆனா தினமும் காலையில வந்து நிப்பேன்."

அவன் சிரித்தான். கட்டையைப் பிடுங்கி இரண்டு கஜம் தள்ளி அடித்தான்.

ஈனிட்டுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்துநான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர் நெதர்கோமின் பாரிஷ் கவுன்சிலர், அதாவது ஊர்மன்ற உறுப்பினர். சம்பளம் இல்லாத வேலை. அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பஸ் நிழற்குடைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது, எடுத்துப்போக வந்த தொலைபேசிக் கூண்டை விடாமல் நிறுத்தி அதில் புத்தகம் அடுக்கியது, பாதையை அடைக்கும் புதர்களை வெட்டச் சொல்லி வீட்டுக்காரர்களை நச்சரித்தது எல்லாம் அவள்தான்.

வாத்துத்திடல் தேவாலயத்துக்குப் பின்னால் நாலு ஏக்கர். ஆன்ஸ்டி குடும்பத்துக்குச் சொந்தம். கிழவர் ஆன்ஸ்டி அதன் கதவைச் சாத்தியதே இல்லை. ஊர் அங்கே பட்டம் விட்டது, நாயை உலவவிட்டது, பனி விழுந்தால் சறுக்கியது. ஜூலை முதல் சனிக்கிழமை கோடைச் சந்தையும் அங்கேதான். கிழவர் குளிர்காலத்தில் இறந்தார். மகன் கைல்ஸ் அங்கே இருபத்திரண்டு வீடுகள் கட்டத் தீர்மானித்தான். முதலில் வேலி.

இருபது ஆண்டுகள் ஓர் ஊர் ஒரு நிலத்தில் விளையாடியிருந்தால் அதை ஊர்ப் பசும்புல்வெளி என்று பதிவு செய்யலாம். பிறகு யாரும் அதில் கட்ட முடியாது. ஆனால் அந்த விளையாட்டு பலவந்தமாகவோ ஒளிந்தோ நடந்திருக்கக் கூடாது. முக்கியமாக, அனுமதி கேட்டு நடந்திருக்கக் கூடாது. ஈனிட் மாவட்ட அலுவலகத்திலிருந்து படிவங்கள் வாங்கி வந்து ஆறு வாரம் சமையலறை சமையலறையாக ஏறி இறங்கினாள்.

"யார்கிட்டயாவது கேட்டுட்டா போனீங்க?"

"கேக்கிறதா? நாய்க்கு அவசரம் ஈனிட், அது யாரக் கேக்கும்?" என்றாள் மேவிஸ் டக்வெல்.

"இல்லைன்னு எழுதுங்க. கீழ கையெழுத்து. உண்மையத்தான் எழுதணும், தெரியுமில்ல?"

நூற்றுப்பன்னிரண்டு பேர் எழுதினார்கள்.

சந்தைப் புகைப்படங்களும் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடி ஊர்க்கூடத்து அலமாரியிலிருந்த கவுன்சில் பெட்டியைத் திறந்தாள். படங்களுக்கு அடியில் ஒரு கட்டு. எல்லாம் அவளே எழுதியவை. 'அன்புள்ள திரு. ஆன்ஸ்டி, இந்த ஆண்டும் சந்தைக்கு வாத்துத்திடலைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிப்பீர்களா?' அதே தாளின் அடியில் கிழவரின் பென்சில்: 'தாராளமாக. மாடுகளை வெள்ளிக்கிழமை நகர்த்திவிடுகிறேன்.'

இருபத்துமூன்று கடிதங்கள். எழுதச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன் யாரும் எழுதியதுமில்லை. கேட்காமல் கூடாரம் தூக்கிக்கொண்டு போவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. எங்கள் ஊரில் மிதித்தவன் மட்டுமல்ல, மிதிபட்டவனும் மன்னிப்புக் கேட்பான்.

மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். பக்கத்து ஊரில் ஒரு தோழி, அவளுக்கு இப்படி ஒரு சிக்கல் என்றாள்.

"கேட்டுட்டுப் போனா அது நிலத்துக்காரர் தந்த சலுகை, ஊரோட உரிமை ஆகாதுங்க," என்றார் அலுவலர். "சந்தை நாளுக்கு மட்டும்தான் கேட்டாங்க, மத்த நாளெல்லாம் கேக்கலைன்னு வாதாடலாம். நிலத்துக்காரர் சும்மா விடமாட்டார். பெரும்பாலும் தோத்துருவாங்க. உங்க தோழிகிட்ட வருத்தப்பட்டேன்னு சொல்லுங்க."

ஜூன் முதல் செவ்வாய், கவுன்சில் கூட்டத்துக்கு முன்னால், ஊர்க்கூடத்தில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே கவுன்சில் தலைவர் க்ளைவ் ரட்கினிடம் கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். க்ளைவ் முன்னாள் பஸ் ஓட்டுநர்.

"எத்தனை?"

"இருபத்துமூணு."

"அடக் கடவுளே. ஒரு வருஷம்கூடவா உனக்கு மறக்கல?"

"ஒரு வருஷம் நிமோனியா. படுக்கையில இருந்து எழுதினேன்."

க்ளைவ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கைல்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெரியவர் என் கடிதத்துலயே பதில் எழுதித் திருப்பி அனுப்பிடுவாரு. இருக்கறது எல்லாம் நம்ம பெட்டியிலதான்."

"போன வருஷம் கூரை ஒழுகுச்சே. பெட்டி நனஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ."

"அலமாரிப் பக்கம் ஒழுகல."

"கொஞ்சம் ஒழுகியிருக்கலாம், ஈனிட்."

அவள் அதே கோப்பையை மறுபடி துடைத்தாள். "விசாரணையில என்னையும் கேப்பாங்க, க்ளைவ். கேட்டா சொல்லுவேன். நேர்ல எனக்குப் பொய் வராது. கழுத்தெல்லாம் செவந்துரும்."

"அது வாஸ்தவம். சந்தைப் போட்டியில உன் தங்கச்சி கேக்குக்கு நீ மார்க் போட்டப்பவே பாத்தோமே."

கூட்டத்துக்கு முப்பத்தொரு நாற்காலியும் நிறைந்துவிட்டன. ஈனிட் எழுந்து ஒரு கடிதத்தைப் பதிலோடு வாசித்தாள். மற்ற இருபத்திரண்டும் இதேதான் என்றாள். இதனால் திடல் கையை விட்டுப் போகலாம், தவறு தன்னுடையது என்றாள்.

"நன்றிக் கடிதமும் எழுதினியா?" என்றார் பின்வரிசையிலிருந்து கடைக்காரர் வெண்டல் டாப்.

"எழுதினேன். நகல் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். மேவிஸ் டக்வெல் சிரிக்கவில்லை. "நாங்க நூறு பேர் இல்லைன்னு எழுதினோம். நீ ஒருத்தி ஆமான்னு எழுதி வச்சிருக்கே," என்றாள்.

ஈனிட் கடிதத்தை மடித்துக் கட்டோடு சேர்த்தாள்.

கடிதங்களையும் சேர்த்தே விண்ணப்பத்தை அனுப்புவது என்று வாக்கெடுத்தார்கள். ஏழு கவுன்சிலர்களில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். அவர்களில் ஈனிட் கடைசியாகத் தூக்கினாள். பதவி விலகுவதாகவும், நாளைக்கே எழுத்தில் தருவதாகவும் சொன்னாள்.

"வேண்டாம்," என்றான் க்ளைவ். "தயவு செஞ்சு நீ இனிமே யாருக்கும் கடிதம் எழுதாதே."

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஈனிட் தபால் நிலையம் போனாள். படிவங்களுக்குப் பின்னால் இருபத்துமூன்று நகல்களையும் வைத்து உறையை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதினோரு மணிக்கு மேவிஸ் தன் படிவத்தைத் திருப்பிக் கேட்டு ஈனிட் வீட்டுக்கு வந்தாள். தபாலில் போய்விட்டது என்று ஈனிட் சொன்னாள். மேவிஸ் தேநீர் குடித்துவிட்டுப் போனாள். வேலிக்காரர்கள் வடக்குப் பக்கத்தை முடித்துக் கம்பி இழுத்தார்கள். இரண்டு மணிக்குமேல் மழை பெய்தது. கூட்டக் குறிப்பின் பிரதியை க்ளைவ் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தான். சாயங்காலத்துக்குள் அது நனைந்துவிட்டதால் இன்னொன்று எடுத்துவந்து கண்ணாடிக்கு உள்ளே வைத்தான்.