தேன்மெழுகு அடைத்த அடுப்பு

மாசம் நிறையாமல் பிறந்த என் மகளைச் சூடாக வைத்திருக்க வேண்டும், புகை மட்டும் அண்டக்கூடாது என்று மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். நான் அப்போது மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஒரு மிளகு வியாபாரியிடம் எடை போடும் வேலையில் இருந்தேன். அடைமழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்ததால் பித்தளைப் பம்பு அடுப்பு ஒன்றை வாங்கியிருந்தேன். அதில் வெந்நீர் காய்ச்சி, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றித் துணி சுற்றி, குழந்தையின் இரண்டு பக்கமும் வைப்போம்.

அன்று காலை புது டின்னிலிருந்து சீமெண்ணெய் ஊற்றினேன். அடுப்பு பற்றவில்லை.

அடுப்புத் தலைக்குக் கீழுள்ள கிண்ணத்தில் எண்ணெய் விட்டுக் கொளுத்தி, தலையைச் சூடேற்றிப் பம்பு அடித்தேன். மஞ்சளாக ஒரு நாக்கு எழும்பி, கரியைக் கக்கிவிட்டு அணைந்தது. பம்பின் தோல் வாஷரைக் கழற்றி எண்ணெய் தடவி மாட்டினேன். கை கடுக்க அடித்தேன். காற்று நன்றாகவே நின்றது, அடுப்புதான் நிற்கவில்லை. நமுத்துப்போன தீக்குச்சிகள் உரசும்போதே உடைந்தன. உள்ளே என் மனைவி குழந்தையை மார்போடு ஒட்டி வைத்திருந்தாள். அது அழக்கூட இல்லை, முனகியது.

"பாதமெல்லாம் சில்லுனு ஆயிப்போச்சுங்க மாப்ளே," என்றார் மாமியார். "நீங்க புள்ளைக்கு வைத்தியம் பாக்கறீங்களா, அடுப்புக்குப் பாக்கறீங்களா?"

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம். குனிந்துகொண்டு முனைத்துளையில் ஊசியை விட்டேன். மஞ்சளாக ஏதோ பிசுக்கு ஒட்டி வந்தது. முகர்ந்தால் சீமெண்ணெய் நாற்றத்துக்குள் தேன் வாசம்.

கீழே பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து அந்த டின்னைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த மலைக்காரர், மழை விடட்டும் என்று வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, டின்னு வாயை எதால அடைச்சீங்க?"

"தேன்மெழுகுங்க சாமி. நம்ம ஊட்டுல தேன் குடுவைக்கெல்லாம் அதுதான். அம்புட்டு ஏத்தத்துலயும் ஒரு சொட்டு சிந்தலீங்களே!"

வழியெல்லாம் அலம்பிய எண்ணெயில் மெழுகு கரைந்து, இப்போது அடுப்பின் தொண்டையில் உறைந்து கிடக்கிறது. கத்தவேண்டும் போலிருந்தது. "நல்லா அடைச்சிருக்கீங்க," என்றேன்.

"அடுத்த வாட்டி இன்னுங் கெட்டியா அடைச்சுக் கொண்டாரேனுங்க."

வீட்டு விளக்குகளில் பழைய எண்ணெய் மிச்சம் இருந்தது. அடுப்பிலிருந்த டின் எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு, பழைய எண்ணெயில் பாதியை விட்டு அடுப்பை அலசிக் கொட்டினேன். மீதியை நிரப்பினேன். மெழுகு உருகட்டும் என்று தலையைத் திரும்பத் திரும்பச் சூடேற்றி, ஊசி விட்டுக் குத்தினேன். விரல் சுட்டுக் கொப்புளித்தது. இதுவும் பற்றாவிட்டால் வேறு எண்ணெய்க்கு மலை இறங்கித்தான் ஆகவேண்டும்.

பம்பு அடித்தேன். நீலமாகச் சீறிக்கொண்டு எரிந்தது. அந்த இரைச்சலில் குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. காலையிலிருந்து அதன் குரல் வெளியே கேட்டது அப்போதுதான்.

"புள்ள பயப்படுதுங்க மாப்ளே! அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்க!"

"தண்ணி இன்னும் காயலீங்க அத்தை," என்று சொல்லி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, மேலும் பம்பு அடித்தேன்.