அத்தானின் முதுகில் தூவிய தூள்

போன ஞாயிறு பாலையூற்றில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு கெட்ட மணம். உள்ளே அத்தான் குப்புறக் கிடக்கிறார். அக்கா ஒரு கப்சூலைப் பல்லால் கடித்துத் திறக்கிறாள். உள்ளே இருந்த தூளை அவருடைய முதுகுத் தையலின்மேல் தூவுகிறாள்... பொரிக்கிற மீனுக்கு உப்புப் போடுவது போல!

"ஐயோ அக்கா! என்ன வேலை செய்யிறியள்?"

"ஏன்டா கத்துறாய்? மருந்துதானே போடுறன்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும்போது கப்பலின் அடித்தட்டுக்குள் விழுந்தவர் அத்தான். கொழும்பில் முதுகெலும்பில் ஒப்பரேஷன் நடந்தது. எழும்பி நடப்பாரா என்பதே சந்தேகம். கிருமி பிடிக்காமல் இருக்க, தைப்பதற்கு முன் காயத்துக்குள்ளேயே மருந்துத்தூள் போட்டதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது, விழுங்குவதற்குக் கப்சூலும் கொடுத்திருக்கிறார்.

அக்காவின் மூளை வேறு வழியில் ஓடியிருக்கிறது. "வயித்துக்குள்ள போற மருந்து முதுகுக்கு எப்ப போய்ச் சேருறது? பெரிய டொக்டரே தூளாத்தானே போட்டவர்! பக்கத்து வீட்டு ஆக்களும் ஓம் எண்டுதான் சொன்னவை."

அப்படியென்றால் அத்தான் ஒரு கப்சூலாவது விழுங்கினாரா? இல்லவே இல்லை! நெற்றியைத் தொட்டேன் — கொதிக்கிறது. ஒரு வான் வண்டியைப் பிடித்து, அவரைக் கிடந்த பலகையோடு தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

தூளும் சீழும் கட்டிப்போயிருந்ததைக் கழுவிய டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, கொழும்பில தூள் போட்டது கிருமியில்லாத அறையில, கழுவித் துடைச்ச கையால. நீங்கள் பல்லால கடிச்சுப் போட்டிருக்கிறியள்! இந்தச் சீழ் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தா இவர் பிறகு காலை அசைக்க ஏலாது, தெரியுமோ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவை மட்டும் ஏசி என்ன செய்ய? முழங்கால் உரசினாலும் கப்சூல், மீன்முள் குத்தினாலும் கப்சூல்... உடைக்கிறோம், தூவுகிறோம். நம்மில் யார் வீட்டில் இந்தக் கூத்து நடக்கவில்லை, சொல்லுங்கள்?

நல்லகாலம், சீழ் மேலோடு நின்றுவிட்டது. நேற்று டொக்டர் சொல்ல, அத்தான் கால் பெருவிரலை அசைத்தார். அசைத்தார்! அக்கா அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க மூதூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, அக்காவின் தூள் கதையையும் கேட்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அக்காவின் அருகில் வந்தார்.

"பிள்ளை, நீங்கள் அந்தத் தூள் போட்டபடியாத்தானே கால் தப்பினது? மிச்சம் கிடந்தா எங்கட ஆளுக்கும் ரெண்டு தாங்கோவன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு... கைப்பையைத் திறந்தாள்!