எதிர்த் திசையில் நடந்த உருவம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதப் பௌர்ணமி மாலை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. என் வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை; முதல் தடவையாக உங்களுக்குத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பொது இடங்களில் கேமராவும் ஒளியும் வைத்துக் கலைக்காட்சி அமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், சென்னையில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், அவர்களாகவே வைத்த 'சீரியல் லைட்டு போடற பொண்ணு' என்ற பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்த முறை எங்கள் வேலை, பாதையின் இடது ஓரத்தில் முப்பதடி நீளத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். எதிரே கம்பத்தில் கேமரா. பாதையில் நடப்பவர்களின் முகத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்து, புள்ளிப் புள்ளியாக ஒளிரும் உருவமாகச் சுவரில் நடக்கவிடும் என் புரோகிராம். ஒரு தரம் போனவரின் உருவம் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் அழிந்துவிடும். நீங்கள் நடக்கும்போது உங்களுக்கு முன்னால் போனவர்களும் சுவரில் உங்களோடு நடப்பார்கள். கிரிவலத்தில் மலை எப்போதும் வலது கைப்பக்கம்தான் என்பதால், சுவரில் எல்லாரும் இடமிருந்து வலமாகவே போவார்கள். அதை நம்பித்தான் முழுப் புரோகிராமையும் எழுதியிருந்தேன்.

இருந்த இடத்தில் இருக்கிற சுபாவம் எனக்கு இயல்பிலேயே கிடையாது. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். காலையிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று மக்கர். இந்த வேலையை எங்களுக்குக் கொடுத்த அதிகாரிகள் ஏழரைக்குப் பார்க்க வருகிறார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சென்னையிலிருந்து மேலாளரின் போன். வாங்கி வைத்த இட்லி பொட்டலத்துக்குள்ளேயே காய்ந்துவிட்டது. லேப்டாப்புக்கும் சுவருக்கும் நடுவே நான் நடந்த நடைக்கு ஒரு கிரிவலமே முடிந்திருக்கும்.

ஆறரைக்கு மேல் இருட்டியதும் சுவர் உயிர் பெற்றது. கூட்டம் நின்று பார்த்தது. தன் உருவத்தைக் கண்டுபிடித்து ஒருவர் கையை ஆட்ட, அதுவும் ஆட்ட, ஒரே சிரிப்பு. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏழு மணி வாக்கில் அந்த உருவம் கண்ணில் பட்டது. உயரமான ஆள். கையில் மடக்கிய குடை, அதைத் தரையில் ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து, வலமிருந்து இடமாக, எல்லாருக்கும் எதிராக வந்தது. அதுவும் நேராக வரவில்லை. இரண்டடிக்கு ஒரு தரம் நின்று, எதிரே வரும் உருவத்தின் பக்கம் குனிந்தது. குனியும் இடத்தில் இரண்டு உருவங்களும் கலந்து, தலை ஒருவருடையதும் கால் இன்னொருவருடையதுமாகச் சிதறின. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே குடை, அதே சிதறல். ஒரு மணி நேரத்துக்கு இது வந்துகொண்டேதான் இருக்கும். அதிகாரிகள் முன்னாலும் வரும்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊரே ஒரு பக்கம் போகும்போது இந்த மனிதருக்கு மட்டும் என்ன கேடு என்று வாய்விட்டே திட்டினேன். புரோகிராமில் இரண்டே வரி சேர்த்தேன். வலமிருந்து இடமாகப் போகிறவர்களைச் சுவரில் காட்டாதே என்று. அவ்வளவுதான், சுவர் சுத்தமாகிவிட்டது. கூட வேலை பார்ப்பவர் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சுவருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். தோளில் துணிப்பை. வேர்த்துக் கொட்டியது. நகரவே இல்லை. அதிகாரிகள் வரும் நேரம், ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லப் போனேன். குரலில் கடுகடுப்பு இருந்திருக்கும்.

கணவரைக் காணவில்லை என்றார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததிலிருந்து ஞாபகம் முன்னைப்போல் இல்லை. இந்தச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் அவரை உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வரிசை நீளமாக இருந்ததாம். திரும்பி வந்தால் ஆள் இல்லை. முன்னால் நடந்திருப்பார் என்று தேடிப் பார்த்துவிட்டு, போலீஸ் உதவி மையத்திலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மைக்கில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவருடைய போனும் மாத்திரையும் இவர் பையில்தான் இருந்தன.

"இந்தச் சொவுத்துல போனவங்க எல்லாரும் தெரிவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாரும் தெரிவாங்கம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. ஊரில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"அப்ப அவரு இந்தப் பக்கம் திரும்பி வரல. முன்னாடிதான் போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடி அண்ணாமலைப் பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

அவர் போனதும் அப்பாடா என்று லேப்டாப் பக்கம் திரும்பினேன். அப்போது சுவரில் இரண்டு உருவங்கள் ஒன்றாக நடந்து வந்தன. சரியான திசையில்தான். ஒன்று குட்டையாக, தோளில் பையோடு. இன்னொன்று உயரமாக, குடையை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து.

நான் சுவரிலிருந்து எடுத்துவிட்ட அதே குடை.

ஓடினேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடி அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். புரோகிராமில் சேர்த்த அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். எடுத்ததும் சுவரில் அந்தக் குடைக்காரர் வந்தார். எல்லாருக்கும் எதிராக, இரண்டடிக்கு ஒரு தரம் நின்று, குனிந்து.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "என்னத்தான் தேடறாரு. ஒவ்வொரு பொம்பளையா மூஞ்சப் பாக்கறாரு பாரு."

நான் இரண்டு தரம் அதைப் பார்த்து எரிச்சல்பட்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு தரம் போதுமானதாக இருந்தது.

அவர் கணவர் சுவரைத் தாண்டித் திரும்பிப் போனது ஆறு ஐம்பதுக்கு என்று லேப்டாப் காட்டியது. இப்போது ஏழரை. போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, நானும் அந்த அம்மாவோடு எதிர்த் திசையில் இறங்கினேன். அதிகாரிகளின் வண்டி வந்துவிட்டது, எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கத்தினார் கூட வேலை பார்ப்பவர். பதில் சொல்ல நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடந்து பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் முறைத்தார்கள். ஒருவர், மலையை இப்படிச் சுற்றக் கூடாது என்று நிறுத்திப் புத்தி சொன்னார். நான் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். அந்த மனிதர் செய்ததையே நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

வருண லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தண்ணீர்த் தொட்டி அருகில் இருந்தார். உதடெல்லாம் காய்ந்திருந்தது, வேட்டியில் ஒரு பக்கம் மண், எங்கேயோ விழுந்திருக்கிறார். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம்.

"எங்க போய்ட்ட நீ? எவ்ளோ நேரமா தேடறேன். கையப் புடிச்சிக்கிட்டு வான்னு சொன்னா கேக்கறியா?"

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "நான்தான் தொலஞ்சி போய்ட்டேன். வாங்க" என்றார்.

பையிலிருந்து மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் காட்டலன்னா நான் அந்தப் பக்கமே போய்க்கிட்டு இருந்திருப்பேன் கண்ணு. நீ நல்லா இருக்கணும்."

அவர் அந்தப் பக்கம் போனதே நான் சொன்ன பதிலால்தான். அவர் கணவரைச் சுவரிலிருந்து எடுத்ததும் நான்தான். சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஆனால் பரவாயில்லைம்மா என்றுதான் தலையை ஆட்டினேன். அந்த வாழ்த்தை அப்படியே வாங்கிக்கொண்டேன். இன்றுவரை எனக்கு அதுதான் கூச்சம்.

திரும்பி வரும்போது அதிகாரிகள் போய்விட்டிருந்தார்கள். உருவங்கள் உடைந்து உடைந்து தெரிந்தனவாம்; சரியாக ஓடவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிர்த் திசையில் வருகிறவர்களை எடுத்துவிட்டால் தீர்ந்தது, அது ஒரு பெரிய வேலையா என்று கேட்டார். எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதம்தான் அந்தத் தைரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன், அதே அவசரம்தான், மேலாளரின் போன்களும் குறையவில்லை. ஆனால் ஏதோ ஒன்று பிசிறாக இருக்கிறதே, எடுத்துவிடலாம் என்று கை போகும்போதெல்லாம், ஒரு குடை தரையைத் தட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்து, குனிந்து என் முகத்தைப் பார்க்கிறது.