மரியகுழந்தை கட்டிப் பார்த்த எலும்புக் கச்சை

1905-ஆம் ஆண்டு ஜனவரியில் மரியகுழந்தைக்கு வேலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, வேலூரில் அச்சாகும் மாதர் பத்திரிகை ஒன்றுக்கு மாதாமாதம் தையல் பக்கம் எழுதிவந்தாள் அவள். ரவிக்கைக்கு அளவெடுப்பது, பழைய சீலையில் குழந்தைச் சட்டை வெட்டுவது என்று இருந்தது அந்தப் பக்கம். இப்போது ஆசிரியர் சுந்தரராஜ் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்.

'சென்னை உடுப்புக் கடைக்காரர்கள் உங்கள் ஊர் துரைமார் கிளப்புக்கு வருகிறார்களாம். உடுப்புகளைப் பெண்களுக்கு உடுத்தி, நடக்கவிட்டுக் காட்டுவார்களாம். நம் வாசகிகள் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அனுமதிக்கு எழுதிவிட்டேன். போய்ப் பார்த்து எழுதுங்கள்.'

கணவன் மாணிக்கராஜ் கடிதத்தை எட்டிப் பார்த்தான். சுரங்கக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணியடித்துக் கொடுப்பது அவன் வேலை.

"துணியைப் பாக்கறதுக்கு ஆளு எதுக்கு நடக்கணும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றாள் மரியகுழந்தை.

சனிக்கிழமை பிற்பகல், கஞ்சி போட்ட வெள்ளைச் சீலையும் நோட்டும் பென்சிலுமாக அவள் கிளப்பின் பக்கவாட்டு வாசலில் நின்றாள். கிளப் குமாஸ்தா கொர்னேலியஸ் அவள் நீட்டிய அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"பத்திரிகைன்னு சொன்னாங்க. ஆம்பளை யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்."

"பொம்பளைங்க உடுப்பு தானே ஐயா?"

அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, மண்டபத்தின் மூலையில், உடுப்பு காட்டும் பெண்கள் வந்துபோகும் திரைக்குப் பக்கத்தில் போட்டார். துரைசானிகளின் நாற்காலிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தன.

பியானோ தொடங்கியது. தூரத்தில் தாதுக்கல் இடிக்கும் மில்லின் தொம் தொம் சத்தம் வழக்கம்போலத் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. முதலில் வந்தவள் பியானோவுக்கு நடப்பதா, மில்லுக்கு நடப்பதா என்று தெரியாமல் இரண்டடி தடுமாறி, பிறகு மில்லோடு சேர்ந்துகொண்டாள். மரியகுழந்தைக்குச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிக்கொண்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்கு முதுகுகள்தான் அதிகம் தெரிந்தன. கழுத்திலிருந்து இடுப்புவரை கொக்கிகள். கை எட்டாத இடத்தில் இவற்றை யார் மாட்டுவது? பின்னால் ஒரு முழம் துணி தரையில் இழுபட்டது. மழைநாளில் என்ன செய்வார்கள்? ஒரு சில்க் உடுப்பின் தோள் தையலுக்குள் குண்டூசிகள் மின்னின. ஆக, அது அந்தப் பெண்ணின் அளவுக்குத் தைத்ததில்லை. நோட்டில் பதில்களைவிடக் கேள்விகள் அதிகமாயின.

எல்லாவற்றையும்விட இடுப்புதான் அவளை உறுத்தியது. நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அளவெடுத்த கை அவளுடையது. அவ்வளவு ஒடுங்கிய இடுப்பில் அவள் அளவு நாடா சுற்றியதே இல்லை.

நீல வெல்வெட் உடுத்தியவள் மூன்றாம் தடவை திரைக்குள் திரும்பியதும் உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது. பியானோ நிற்கவில்லை; எதிர்ப்பக்கம் யாருக்கும் கேட்டிருக்காது. மரியகுழந்தை திரையை விலக்கி உள்ளே போனாள்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கடைக்கார அம்மாள் மண்டபத்தில் இருந்தார். மற்ற இரண்டு பெண்களும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, அவுத்து விடுங்க," என்றாள் அவள், சுத்தமான சென்னைப் பெரம்பூர்த் தமிழில். மரியகுழந்தை அதுவரை அவளைத் துரைசானி என்றே நினைத்திருந்தாள்.

கொக்கிகளைக் கழற்றியதும் உள்ளே இன்னொன்று இருந்தது. விறைத்த துணியில் வரிசை வரிசையாகத் தைத்த எலும்புகள், முதுகில் இழுத்துக் கட்டிய நாடா. துரைசானிகள் அதைக் கார்செட் என்பார்கள். மரியகுழந்தை நாடாவைத் தளர்த்தியதும் அந்தப் பெண் நீண்ட மூச்சு இழுத்தாள்.

"காலைல சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டா கொக்கி மாட்டாது அக்கா." அப்போதுதான் நோட்டைக் கவனித்தாள். "நீங்க எழுதறவங்களா? நான் விழுந்ததை எழுதாதீங்க. வேற ஆளை வச்சிக்குவாங்க."

அவள் பெயர் வின்னி. வயது பத்தொன்பது. மரியகுழந்தை பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"எழுத மாட்டேன். ஆனா இது இன்னான்னு எனக்குத் தெரியணுமே?"

வின்னி கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். ஓர் எலும்பு உடைந்து துணியைக் குத்திக்கொண்டு நின்றது. "இது இனிமே ஆவாது. எங்கிட்ட வேற இருக்குது. எடுத்துட்டுப் போய் நீங்களே பாருங்க."

வீட்டில் மரியகுழந்தை அதைத் தையல் தையலாகப் பிரித்தாள். எலும்பென்று நினைத்தது, திமிங்கிலத்தின் வாயில் வளரும் கொம்பு போன்ற பட்டையாம். பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உடைந்த இடத்தில் மூங்கில் பிளாச்சைச் சீவிச் செருகி, மறுபடி தைத்தாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை மாட்டிக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

"இழுங்க."

"இன்னாடி இது கூத்து?"

"இழுங்க. போதும்னா சுவத்துல ஒரு தட்டு தட்டறேன். உங்க கேஜ் மணி மாதிரி, ஒண்ணு அடிச்சா நிறுத்தணும்."

அவன் இழுத்தான். அவள் தட்டினாள். பிறகு அன்று முழுவதும் வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தாள். குடத்தைத் தூக்கலாம், இடுப்பில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்காரலாம், தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அடுப்பு ஊதக் குனிந்தபோது மூங்கில் விலாவில் குத்தியது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் முதுகு ராணி மாதிரி நிமிர்ந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினாள்.

கட்டுரையில் சில்க், வெல்வெட், தோளில் பலூன் மாதிரிப் புடைத்த சட்டைக் கை எல்லாம் வந்தன. கிளப்பில் எவரும் விழுந்ததாக ஒரு வரிகூட இல்லை. தான் கட்டிப் பார்த்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். 'இதை உடுத்த ஒரு பெண்ணும், அவளுக்காகக் குனிய இன்னொரு பெண்ணும் வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

சுந்தரராஜ் தயங்கினார். இடுப்பைப் பற்றி இவ்வளவு வேண்டுமா, புடைத்த கையை வெட்டும் முறையைச் சேர்க்கலாமே என்று எழுதினார். இரண்டையும் போடுங்கள் என்று பதில் போட்டாள். இரண்டும் வந்தன.

ஈஸ்டருக்குள் மாரிகுப்பம் கோயிலில் பாதி ரவிக்கைகளின் கை புடைத்திருந்தது. சென்னையிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதமும் வந்தது. தமிழ் படிக்கத் தெரியாததால், கட்டுரையைப் பக்கத்து வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம் வின்னி. 'இப்போதெல்லாம் இரண்டு விரல் தளர்த்திக் கட்டிக்கொள்கிறேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

சுரங்கத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் கட்டுரையை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் வெங்கடம்மா அவளை மடக்கினாள். சுரங்கத்தில் கல் பொறுக்கும் வேலை செய்பவள், ஆகிருதியானவள்.

"டீச்சரம்மா, அதை ஒரு தபா எனக்குக் கட்டி உடுங்களேன்."

கட்டினார்கள். வெங்கடம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க, நாடா பட்டென்று அறுந்தது. அடுத்த நாள் புது நாடாவோடு இன்னொரு வீட்டுக்குப் போனது கார்செட். பிறகு அது எந்த வீட்டில் இருக்கிறது என்பதே மரியகுழந்தைக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் பெங்களூரில் இதேபோல் ஒரு காட்சி நடக்கவிருந்தது. போகச் சொல்லி சுந்தரராஜ் எழுதினார். செய்தி பரவியதும் பெண்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு கேள்வி கொடுத்தார்கள். வெத்தலைப் பையை எங்கே செருகுவார்கள்? பிள்ளைக்குப் பால் கொடுக்க எத்தனை கொக்கி கழற்ற வேண்டும்? அந்த வெல்வெட்டைத் துவைப்பது யார்? எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு காலை வண்டி ஏறினாள் மரியகுழந்தை. பங்காருபேட்டையில் பெங்களூர் வண்டிக்குக் காத்திருக்கும்போது, எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு துரைசானி பாவாடையைத் தூக்கிப் பிடித்து ரயில் படியேறுவதைப் பார்த்தாள். உடனே பென்சிலை எடுத்து இன்னொரு கேள்வியைச் சேர்த்தாள்: கை பாவாடையைப் பிடித்தால் பிள்ளையை யார் பிடிப்பது?