பாரின் மேல் ஒரு படகு

கடல் கொண்டுபோன ஊரைத் தேடிச் சர்க்கார் ஆட்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே கடல் எங்கள் மாமாவைக் கொண்டுபோயிருந்தது. அவரைத் தேடி ஒரு சர்க்கார் ஈ காக்காய்கூட வரவில்லை. முழுகுவதானால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் முழுகியிருக்க வேண்டும், அப்போதுதான் நம் நாட்டில் மரியாதை.

மாமா என்றால் அப்பாவின் தங்கை புருஷன். காவிரி கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே எங்கள் குப்பம். அப்பாவும் மாமாவும் கூட்டாக ஒரு சின்ன வள்ளம் வைத்திருந்தார்கள். தெருவிலேயே முதலில் எஞ்சின் மாட்டிய வள்ளம் அதுதான். மாமா கட்சிக்காரர், அதனால் முன்பக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் அடித்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் மேற்கே வயல்காட்டில் அறுவடைக் கூலித் தகராறு. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள், உள்ளூர் ஆட்கள் வரப்பில் நின்று மறித்தார்கள், போலீஸ் வந்து களத்துமேட்டில் கூடாரம் போட்டது. கதிர் வயலிலேயே கொட்டிப் போயிற்று. எங்கள் பெண்கள் மீனைக் கூடையில் கொண்டுபோய் அந்தத் தெருக்களில் நெல்லுக்கு மாற்றி வருவார்கள். கூலி நெல்லே இல்லாத வீட்டில் யார் மீன் வாங்குவார்கள்? கொண்டுபோன மீனை அப்படியே சுமந்துகொண்டு அத்தை திரும்பி வருவாள். ஐஸ் வண்டிக்காரன் வாங்குகிற மாதிரி பெரிய மீன் பிடித்தால்தான் உலை கொதிக்கும் என்றாகிவிட்டது. அப்பா காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். மாமா தனியாகக் கிளம்பினார். அத்தை தூக்குச்சட்டியில் பழைய சோறு போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அவர் திரும்பவில்லை.

பஞ்சாயத்தார் வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்று, "எந்தப் பக்கம்ப்பா போனாரு?" என்று கேட்டார்கள்.

"வடக்கே, சேத்துப் பக்கந்தான்" என்றார் அப்பா. கடலடி வெறும் சேறாகக் கிடக்கும் பக்கம் அது.

ஊர்ப் படகுகள் எல்லாம் வடக்கே போய்த் துழாவின. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. மறுநாள் விடியலில் அப்பா அந்தக் காய்ச்சலோடு ஒரு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து விழுந்தார். அவர் எந்தப் பக்கம் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

உடம்பு கிடைக்காததால் அத்தையின் தாலியை இறக்கவில்லை. பொட்டும் பூவுமாகத்தான் எங்கள் வீட்டில் இருந்தாள். கல்யாண வீட்டில் அவளை முன்னால் கூப்பிடவும் மாட்டார்கள், பின்னால் போகச் சொல்லவும் மாட்டார்கள். ஆரத்தித் தட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்படி இருந்தபோதுதான் கடலில் முழுகிய பழைய ஊரையும் கப்பல்களையும் கண்டுபிடிக்க ஒரு லாஞ்சும் மெஷினும் வந்தன. அமைச்சர் வந்தார், மேடை, தோரணம், ஒலிபெருக்கி. தமிழன் கட்டிய நகரத்தைக் கடலிடமிருந்து திரும்ப வாங்காமல் ஓயமாட்டோம் என்று அவர் முழங்க, குப்பமே கை தட்டியது. நாங்கள் குடியிருந்த மணலுக்குப் பட்டா கேட்டு நீட்டிய மனுவை அவருடைய உதவியாளர் வாங்கி மடித்து அதிலேயே விசிறிக்கொண்டார். அது கிடக்கட்டும்.

அந்த மெஷினைப் பற்றி ஆபீசரே எங்களுக்குச் சொன்னார். கண்ணாடி போட்ட, தன்மையான மனுஷன். லாஞ்சுக்குப் பின்னால் கயிற்றில் ஒன்றைக் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள். அது சத்தம் போடும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து, அடியில் கல் கிடக்கிறதா கப்பல் கிடக்கிறதா என்று காகிதச் சுருளில் படமாக விழும். சோனார் என்று பெயர்.

அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், அதுல எங்க வூட்டுக்காரரு வள்ளம் தெரியுமா சார்?"

"எவ்வளவு நாளாச்சும்மா?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"நாங்க தேடுறது ரொம்பப் பழசும்மா. ரெண்டு வருசத்ததெல்லாம் எங்க கணக்குல வராது." அவர் கேலி செய்யவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அடியில் எங்கெங்கே வலை மாட்டுகிறது, அதை மட்டும் காட்டுங்கள் போதும் என்று ஆபீசர் ஒவ்வொரு வீடாகக் கேட்டார். ஊர் முழுக்க ஒன்று சேர்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, பணிவாகப் பொய் சொன்னது. காரணம் உண்டு. கடலடியில் கல் மேடாகக் கிடக்கும் இடத்துக்குப் பார் என்று பெயர். பெரிய மீன் அங்கேதான் தங்கும். கரையில் இருக்கிற இரண்டு அடையாளத்தை ஒரே நேராகப் பிடித்துத்தான் அந்த இடத்துக்குப் போக முடியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பார். அதன் அடையாளத்தைச் சம்பந்திக்குக்கூடச் சொல்லமாட்டார்கள், சொன்னால் மறுநாள் அத்தனை வள்ளமும் அங்கே நிற்கும். எங்கள் தாத்தா கண்டுபிடித்த பார் தெற்கே இருந்தது. கூட்டு வள்ளம் என்பதால் மாமாவுக்கு மட்டும் அது தெரியும். அப்பாவிடம் கேட்டபோது அவர் கையை நீட்டி, "வடக்கே பாருங்க சார், சேத்துப் பக்கம்" என்றார்.

மெஷினுக்கு நாம் சொல்வதெல்லாம் எதற்கு? லாஞ்ச் வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி ஒரு கோட்டில் போய், பக்கத்துக் கோட்டில் திரும்பி, வடக்கிலிருந்து தெற்குவரை விடாமல் உழுதது. ஒரு மத்தியானம் ஆபீசர் லாஞ்சிலிருந்து குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார். காகிதச் சுருளை மணலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"இந்தா, இது கல் மேடு. கட்டடமாக்கூட இருக்கலாம். அது மேல பாருங்க, படகு! அப்படியே முழுசா உக்காந்திருக்கு!" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி கை கொட்டிச் சிரித்தார். எனக்குக் கருவாட்டுத் துண்டு மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல்தான் தெரிந்தது.

"எந்த எடத்துலங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்கேருந்து தெற்கே. நெல் மில்லு புகைபோக்கியும் கோயில் கோபுரமும் ஒண்ணு பின்னால ஒண்ணா தெரியுதே, அந்த எடம்."

அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். தாத்தாவின் மகள்தானே அவளும், அந்த அடையாளம் காதில் விழாமலா வளர்ந்திருப்பாள்? அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முக்குளிக்கும் ஆட்களை இறக்கினார்கள். குப்பமே கரையில் நின்றது. லாஞ்ச் திரும்பியபோது ஆபீசர் முகம் தொங்கிப் போயிருந்தது. "எஞ்சின் வச்ச வள்ளம்ங்க. புதுசு. வலை நங்கூரமெல்லாம் கல்லுல மாட்டிக் கெடக்கு. இதுதான் மேல வந்துச்சு" என்று ஒரு சாமானை மணலில் வைத்தார். சிப்பி அப்பிய எவர்சில்வர் தூக்குச்சட்டி. அத்தை அதை எடுத்து முந்தானையால் தேய்த்தாள். மூடியில் புள்ளிப் புள்ளியாக அவள் பெயர். கல்யாணச் சீருக்கு வாங்கி, கடையிலேயே நின்று பெயர் வெட்டி வாங்கியவர் எங்கள் அப்பா.

"அண்ணே, அன்னைக்கு எந்தப் பக்கம்னு சொன்னே?"

அப்பா தூக்குச்சட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

"கேக்குறேன்ல? நங்கூரம் மாட்டிக்கிட்டு அங்கயே கெடந்திருக்கு. பலகையப் புடிச்சிக்கிட்டு எம்மாநேரம் கத்துனாரோ. நீ அத்தினி வள்ளத்தையும் வடக்கே அனுப்பிட்டு, ஒன் பாரப் பூட்டி வச்சுக்கிட்டே. அப்படித்தானே?"

"நான் போனேன்மா. மறுநா நாந்தான் போயிப் பாத்தேன்" என்றார் அப்பா.

"மறுநா" என்றாள் அத்தை. அதோடு சரி. தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், மாமாவின் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். சாயங்காலம் அங்கேதான் தாலியை இறக்கினார்கள். அம்மா புதுச்சேலை எடுத்துக்கொண்டு போனாள், அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அத்தை சாகும்வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

என் மூளைக்கு அன்று எட்டியது ஒன்றுதான். மாமாவின் வள்ளத்தை வேண்டாத சாமான் மாதிரி பேசினார் அந்த ஆபீசர், அதனால்தான் அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருஷம் என்றால் கணக்கில் வராதாமே! மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் ஜீப்பில் ஏறும்போது ஓடிப்போய் இரண்டு கையாலும் மணலை அள்ளி அந்தக் கண்ணாடிக்காரர் மேல் வீசினேன். நாசமாப் போ என்று கத்திக்கொண்டே மறுபடியும் அள்ளினேன்.

அப்பா பின்னாலேயே வந்தார். முதுகில் ஒன்று விழும் என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "அவரு மேல ஏம்மா எறியிற?" என்றார். பிறகு ஜீப்புக்கும் எனக்கும் நடுவில் வந்து, என் எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டார். ஜீப் போய்விட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை, என் கையைப் பார்த்தபடி இருந்தார். எறிய இனி யார் இருக்கிறார்கள் என்று, அள்ளிய மணலை நான் கீழே போட்டுவிட்டேன்.