முதல் செவ்வாய், காலை பத்து மணி

அமெரிக்காவின் வடக்கோரத்தில் இருக்கும் எங்கள் டுலூத்தில் உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போகிறவர்களில் வருஷத்துக்கு ஒருவராவது பனி உடைந்து உள்ளே விழுவார். தூக்கப் போகிற மீட்புப் படைக்காரர்களும் சில சமயம் விழுவார்கள். காலை வைக்குமுன் பனியின் கனத்தைச் சொல்லும் கருவி வேண்டும் என்று அரசாங்கம் சின்ன கம்பெனிகளைக் கேட்டது. ஒப்பந்தம் என் பக்கத்து வீட்டு ஆரினுக்குக் கிடைத்தது. கம்பெனி என்றால் அவனும் அவன் கார் ஷெட்டும்தான்.

மனைவி இறந்த பிறகு அவன் யாரோடும் ஒட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது சமைத்துக் கொடுத்தனுப்பினால், பாத்திரத்தைக் கழுவி வாசற்படியில் வைத்துவிட்டுப் போவான். கதவைத் தட்டமாட்டான். நானும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர் லட்சணம் அது.

ஒப்பந்தப்படி மாதாமாதம் முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கு, மார்லிஸ் என்கிற அதிகாரி வாஷிங்டனிலிருந்து போனில் வேலை விவரம் கேட்பாள். அன்றைக்கு மட்டும் அவன் சிரிப்பு வேலி தாண்டிக் கேட்கும்.

பிப்ரவரியில் ஏணி கேட்க ஷெட்டுக்குப் போனேன். "எப்படிப்பா போகுது?" என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு, டுவேன். ஏரில பதினோரு தடவ பாத்துட்டேன். ஒரு தடவகூட தப்பா காட்டல."

"அப்புறம் ஏன்யா அனுப்பல?"

திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அனுப்பிட்டா ஒப்பந்தம் முடிஞ்சிடும். அப்புறம் அவ எதுக்குக் கூப்பிடப் போறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! போன வாரம்தான் மீட்புப் படைப் பசங்க ரெண்டு பேரு உள்ள விழுந்து, தம் கட்டி வெளிய வந்தாங்க. ஒருத்தி குரலுக்காக இத பூட்டி வெச்சிருக்கியா நீ?"

மறுநாளே கருவியும் கடைசி அறிக்கையும் போய்விட்டன. ஏற்றுக்கொண்டோம், நன்றி என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்ததாம். நான் கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவ்வளவு சுள்ளென்று கேட்டிருக்க வேண்டாம்.

மார்ச் முதல் செவ்வாய் என் ஜன்னலிலிருந்து அவனைப் பார்த்தேன். மேஜைமேல் போன், எதிரே அவன். பத்தேகால் ஆகியும் நகரவில்லை. மனசு கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவனைப் போனில் கூப்பிட்டேன்.

மணி ஒரு தடவை முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான். "மார்லிஸ்?"

"இல்லப்பா. நான்தான், டுவேன்."

"ஓ" என்றான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம். அவனிடம் கேட்க எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.